ஆமைக்குக் கட்டிய சுவர்

நாய்க்கு வைக்கிற பெயரை ஆமைக்கு வைத்தார்கள். ராக்கி. அருணாச்சலம் வீட்டில் எல்லாமே அப்படித்தான். கார் நிறுத்தக் கட்டிய ஷெட்டில் நெல் மூட்டை கிடக்கும், கார் மாமரத்தடியில் காக்கா எச்சத்தோடு நிற்கும்.

அருணாச்சலம் எங்கள் ஊரில் நிலபுலம் உள்ளவர். எங்கள் ஊர் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். ஊர் அவர்களுடையது. நாங்கள் காலனி. காலனியை விட்டு வெளியே வந்தால் முதலில் வருவது அவர் வீட்டு மதில். அதற்கு எதிரே அவருடைய மாந்தோப்பின் மதில். இரண்டு மதிலுக்கும் நடுவில் ஒரு வண்டிப்பாட்டை. அதில் நடந்து போனால் சத்தியவேடு ரோடு, பால் பூத்து, கம்பெனி பஸ்.

அந்த பஸ்தான் எங்களுக்குச் சோறு. தேர்வாய் கண்டிகையில் காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் நான் லைனில் நிற்கிறேன். காலனிப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான். நிரந்தரம் கிடையாது, கான்ட்ராக்ட். பஸ்ஸை விட்டால் ஷிப்ட் போச்சு. அடிக்கடி ஷிப்ட் போனால் ஆளே போச்சு. கூப்பிட்டால் ஓடி வர வெளியே ஆயிரம் பேர் நிற்கிறார்கள் என்று எங்கள் சூப்பர்வைசர் பார்த்திபன் சொல்லாத நாள் இல்லை.

பாட்டை இல்லையென்றால் ஏரிக்கரை மேல் ஏறி, பக்கத்து ஊரைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வர வேண்டும். வெயில் காலத்தில் கால் வலியோடு போகும். மழைக் காலத்தில் கரை முழுக்கக் களிமண். செருப்பு ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். விடிவதற்கு முன்னால் கிளம்பும் பெண்கள் அந்தக் கரையில் எப்படிப் போவது என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் அதுவரை வந்ததும் இல்லை.

அந்த ஆமையை அருணாச்சலம் தன் மகள் பூமிகாவின் பிறந்தநாளுக்குச் சென்னையில் மீனும் புறாவும் விற்கிற கடையில் வாங்கி வந்தார். ஆப்பிரிக்கா ஆமையாம். தண்ணீரில் வாழாதாம், தரையில்தானாம். வந்தபோதே தாம்பாளம் அகலம் இருந்தது. ஆமை வீட்டுக்குள் நுழைந்தால் ஆகாது என்று ஊருக்கே ஒரு பயம் உண்டு அல்லவா. அருணாச்சலத்தின் பெண்டாட்டி சுமலதாவுக்கு அந்தப் பயம் கொஞ்சம் கூடுதல். இது வாசப்படி ஏறினால் நான் பொறந்த ஊட்டுக்குப் போய்க்கினே இருப்பேன் என்று சொல்லிவிட்டாளாம். அதனால் வீட்டுக்கு வெளியே கம்பி வலை அடித்து ராக்கியை விட்டார்கள்.

வலைக்குள் இருக்குமா அது? முட்டி முட்டி ஒரு மூலையைப் பிய்த்துக்கொண்டு, பாட்டையோடு நடந்து, நேராகக் காலனிக்கு வந்தது. எத்தனையோ வீடு இருக்க, என் வீட்டுக்குள் நுழைந்து கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு செண்பகக்கா பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

“அடியே மெர்சி, மஞ்சத் தண்ணி தெளிடி. ஆமை பூந்துக்குது.”

“நாங்க வேதக்காரங்கக்கா. எங்களுக்கு அதெல்லாம் ஏறாது” என்று சிரித்தேன்.

என் வீட்டுக்காரர் பீட்டர் அதைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அருணாச்சலம் வீட்டுக்குப் போனார். பீட்டர் கொத்தனார். கும்மிடிப்பூண்டி வரைக்கும் வேலைக்குக் கூப்பிடுவார்கள். கையில் ரசமட்டம் இல்லாமலே ஒரு சுவர் சாய்ந்திருப்பதைச் சொல்லிவிடுவார். எதிரே நிற்கிற ஆள் சாய்ந்திருப்பதுதான் அவர் கண்ணுக்குத் தெரியாது. அருணாச்சலத்தின் அப்பாவைப் பீட்டரின் அப்பா ‘ஆண்டே’ என்று கூப்பிட்டார். பீட்டர் ‘அண்ணா’ என்று கூப்பிடுகிறார். அதையே பெரிய முன்னேற்றம் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

அங்கே போனவர் ஆமையை விட்டுவிட்டு வந்திருக்கலாம். வாயைக் கொடுத்தார்.

“வலையில அந்தப் பக்கம் தெரியுதுல்லணா, அதான் முட்டுது. தெரியாத மாதிரி சொவரு எழுப்பிட்டா கம்முனு கெடக்கும்.”

“அப்டியா பீட்டரு? அப்ப நீயே கட்டிக் குடுத்துடு” என்றாராம் அருணாச்சலம்.

எங்கே கட்டச் சொன்னார் என்பதை பீட்டர் சாப்பிடும்போதுதான் சொன்னார். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

“பாட்டை மேலயா?”

“தோப்புல நெழலு மெர்சி. ஊட்டாண்ட எல்லாம் சிமென்ட் தரை. பாட்டைதான் மேடா, காய்ஞ்சு கெடக்குது. ஆமைக்கு வெயிலு வேணும். போன்ல பாத்தேன்.”

“ஆமைக்கு வெயிலு வேணும். எனுக்கு பஸ்ஸு வேணும்.”

“ரெண்டு பக்கமும் கேட்டு வெக்கிறாரு. இந்தக் கேட்டத் தொறந்து உள்ள போயி, அந்தக் கேட்டத் தொறந்து வெளிய போய்க்கினே இருக்க வேண்டியதுதான். ஆமை அதும்பாட்டுக்கு மேஞ்சுக்கினு இருக்கும். அண்ணனே சொல்லிட்டாரு.”

“அவரு சொன்னாரு, நீ கேட்டுக்கினு வந்துட்ட.”

“உனுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?”

எனக்குச் சந்தேகம் வராதா? ஊர்க்காரர் ஒருத்தர் காலனி நடக்கிற பாதையில் சுவர் எழுப்புகிறார் என்றால் பச்சைக் குழந்தைக்குக்கூடச் சந்தேகம் வரும். ஆனால் நடுவில் ஒரு ஆமை இருந்தது. ஒரு சின்னப் பெண் இருந்தாள். ஆமைக்குப் பட்டி கட்டாதே என்று யார் போய்ச் சண்டை போடுவது? காலனியில் சொன்னபோது சிரித்தார்கள். “ஆமைக்கு பங்களாவாம்டி” என்றாள் செண்பகக்கா.

பக்கவாட்டில் இரண்டு மதில் ஏற்கெனவே இருந்தன. காலனிப் பக்கம் ஒரு சுவர், ரோட்டுப் பக்கம் ஒரு சுவர், அவ்வளவுதான் வேலை. முழங்கால் ஆழத்துக்கு அஸ்திவாரம் போதும் என்று அருணாச்சலமே சொன்னார். பீட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த ஆமை பொந்து தோண்டும், ஆள் ஆழத்துக்குக்கூடப் போகும், கடக்காலை இடுப்பு ஆழம் எடுத்தால்தான் நிற்கும் என்று அடம்பிடித்துத் தோண்டினார். அடியில் கருங்கல் போட்டு, நடுவில் கம்பி விட்டு, கேட்டுக்கு அடியிலும் ஆமை நுழையாதபடி முழங்கால் உயரத்துக்குப் படி வைத்து எழுப்பினார். நான் ஷிப்ட் முடிந்து வரும்போது அருணாச்சலம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். “ஆனை முட்னா கூட அசையாது போலகீதே பீட்டரு” என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக என் வீட்டுக்காரர் இன்னும் ஒரு சட்டி கலவையைக் கூடுதலாகப் போடுவார்.

இடுப்பளவு எழும்பியதும் சுவர் நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. நெஞ்சளவு வந்தது. அப்புறம் என் தலைக்கு மேலே போனது.

“ஆமை எகிறிக் குதிக்குமா இன்னா?” என்று பீட்டரைக் கேட்டேன்.

“நாய் வந்துடுமாம்.”

“மேல எதுக்குக் கண்ணாடிச் சில்லு?”

“திருடன் வந்துடுவானாம். ஆமை வெலை அதிகம்.”

“அந்தத் திருடன் எந்தப் பக்கத்துல இருந்து வருவானாம்?”

அவர் விரலில் ஒட்டியிருந்த சிமென்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒன்றை மட்டும் வருத்தமாகச் சொன்னார். பாட்டையில் விழுகிற மழைத் தண்ணீர் காலனிப் பக்கம்தான் ஓடும். அதற்குச் சுவரின் அடியில் ஒரு துளை விட வேண்டும் என்று இரண்டு முறை கேட்டாராம். காலனிப் பக்கம் ஓட்டை விட்டால் பாம்பு வரும் என்று அருணாச்சலம் அடைக்கச் சொல்லிவிட்டாராம். பாம்பு எங்கள் பக்கத்தில் இருந்துதான் வருமாம்.

முதல் சில வாரம் சொன்னபடியே நடந்தது. கேட்டைத் திறந்து உள்ளே போவோம், ராக்கி ஒரு ஓரமாகப் புல்லைக் கடித்துக்கொண்டிருக்கும், அந்தப் பக்கக் கேட்டைச் சாத்திவிட்டு பஸ் ஏறுவோம். பீட்டர் என்னைப் பார்த்து, இப்போது என்ன சொல்கிறாய் என்பது போல மீசையைத் தடவிக்கொண்டார். நானும் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

பிறகு யாரோ கேட்டைச் சரியாகச் சாத்தவில்லை என்று புகார் வந்தது. பூட்டு வந்தது. சாவி அவர்கள் வீட்டில். கேட்டால் வந்து திறப்போம் என்றார்கள். விடிவதற்கு முன்னால் இருட்டில் நின்றுகொண்டு, “அண்ணி, அண்ணி, கேட்டு” என்று பத்துப் பெண்கள் கத்துவோம். சுமலதா கொட்டாவி விட்டுக்கொண்டு வருவாள். வரும்போது சில நாள் பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியிருக்கும். அப்புறம், பாப்பா தூக்கம் கெடுகிறது, ஆறு மணிக்கு மேல்தான் திறப்போம் என்றார்கள். ஆறு மணிக்கு பஸ் கவரைப்பேட்டை தாண்டியிருக்கும். அப்புறம் திறக்கவே இல்லை. ஆள் நடமாட்டத்தில் ஆமை சரியாகச் சாப்பிடவில்லையாம். டாக்டர் சொன்னாராம். எங்கள் நடையைப் பார்த்தால் அதற்குப் பசி எடுக்காதாம்.

ஏரிக்கரைக்குப் போனோம். செண்பகக்கா ஒருமுறை சறுக்கி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டாள். நான் அந்த மாதத்தில் பல முறை பஸ்ஸை விட்டேன். பார்த்திபன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“மெர்சிக்கா, உங்க வேல சுத்தம். அதுல பேச்சே இல்ல. ஆனா வர்ற மாசக் கடைசி வரைக்கும்தான் என்னால சமாளிக்க முடியும். இதே மாதிரி லேட்டாச்சுன்னா பேர எடுத்துருவாங்க.”

“வழிய மறிச்சுக்கினாங்க பார்த்திபா.”

“எதுக்கு?”

“ஆமைக்கு.”

அவன் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

காலனியில் பீட்டரை யாரும் நேராகத் திட்டவில்லை. டீக்கடையில் அவர் வந்தால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். வெளியே திட்டாததை எல்லாம் சேர்த்து வீட்டில் நான் திட்டினேன். சோறு போடும்போது திட்டினேன், துணி மடிக்கும்போது திட்டினேன். எனக்கு வாய் அதிகம் என்று எங்கள் பாஸ்டருக்கே தெரியும்.

“நீ கட்டுன சொவருதான? நீயே போயி இடி. ஆம்பளையா இருந்தா இடிச்சுட்டு வா.”

“போலீஸ் கேசு ஆயிடும் மெர்சி. மனு குடுத்துக்கீறோம்ல. பாக்கலாம்.”

“இடுப்பு ஆழம் கடக்கா போட்டல்ல, இப்போ இடி.”

அவர் தட்டைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். மனு கொடுத்தது உண்மைதான். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை கூட்டத்தில் போய் நின்று கொடுத்தோம். ஆர்.ஐ. வந்து பார்ப்பார் என்றார்கள். ரெவின்யூ இன்ஸ்பெக்டர். அவருக்கு நூறு வேலை. போனில் பிடித்தபோது, “ஆமை வளக்கறதுக்கு பட்டி போட்டுக்கீறாரு, அவ்ளோதானம்மா. பேசித் தீத்துக்கங்க” என்றார். நாங்கள் யாரோடு பேசுவது? ஆமையோடா?

ஐப்பசியில் அந்த மழை வந்தது. வானத்தைக் கிழித்துவிட்டது போல இரவெல்லாம் கொட்டியது. காலையில் பார்த்தால் பாட்டையில் விழுந்த தண்ணீர் அத்தனையும் பீட்டர் கட்டிய இரண்டு சுவருக்கு நடுவில் தேங்கி நின்றிருந்தது. ஒரு சொட்டு கசியவில்லை. அப்படிக் கட்டியிருந்தார். தரை ஆமைக்கு நீந்தத் தெரியாது. ராக்கி செத்துப்போனது.

நான் சந்தோஷப்பட்டேன். சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. காலனியே சந்தோஷப்பட்டது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆமைக்காகத்தானே சுவர், ஆமைதான் போய்விட்டதே, இனி எதற்குப் பூட்டு என்று ஏரிக்கரையில் நடந்துகொண்டே பேசினோம். செண்பகக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அன்று மத்தியானமே அருணாச்சலம் பீட்டருக்கு ஆள் அனுப்பினார். பீட்டர் போய்விட்டு வந்து வாசலில் உட்கார்ந்தார்.

“அந்தப் புள்ள அழுவுது மெர்சி. சோறு தின்லயாம். அதைக் கட்டிப் புடிச்சுக்கினு உட மாட்டேங்குது.”

“அதுக்கு நீ இன்னா பண்ணப் போற?”

“அங்கியே பொதச்சு, மேல ஒரு சின்ன மேடை கட்டச் சொல்றாரு. பதினாறு நாளு போனதும் கேட்டத் தொறந்து உட்டுர்றேன்னு சொன்னாரு. எம்மேல கை வெச்சு சொன்னாரு.”

“ஆமைக்குப் பதினாறாம் நாளா? இன்னும் திதி குடுப்பீங்களாடா?”

“ஏய், நீ சும்மா இரு. நான் அடம்புடிச்சு அந்த ஓட்டைய உட்டிருந்தா அது செத்திருக்காது. அந்தப் புள்ளைக்கு நான் செய்யணும்.”

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நானும் சரி என்றுவிட்டேன். மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. பதினாறு நாள் என்றால் அதற்குள் முடிந்துவிடும். பார்த்திபனிடம் சொல்லிக்கொள்ளலாம். பேராசைதான். வேலை கையை விட்டுப் போகிற நேரத்தில் யார் வார்த்தையையும் நம்பத் தோன்றும்.

பீட்டர் கூலி வாங்காமல் கட்டினார். அவருக்குத் தெரிந்த மாதிரிதான் கட்டினார். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு கல்லறைக்கும் தலைமாட்டில் ஒரு சின்ன மாடம் விடுவோம். கல்லறைத் திருநாள் அன்று மெழுகுவர்த்தி ஏற்றினால் காற்றில் அணையக் கூடாது என்பதற்காக. அவருடைய அப்பாவுக்கு அப்படித்தான் கட்டினார். எங்களுக்குப் பிறந்து நிலைக்காமல் போன பிள்ளைக்கும் அப்படித்தான், உள்ளங்கை அளவு மாடம் விட்டுக் கட்டினார். ராக்கிக்கும் அதே கை, அதே அளவு. மேலே கூம்பு வளைவு கொடுத்து, வழுவழுவென்று பூசி, மாடத்தின் விளிம்பில் விரலால் ஒரு வரி இழுத்துவிட்டு வந்தார். முடித்த அன்று பூமிகாவைக் கூப்பிட்டுக் காட்டி, இங்கே மெழுகுவர்த்தி வைக்கலாம் பாப்பா என்று சொன்னாராம். அவள் அழுகையை நிறுத்திவிட்டாள் என்று வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டு, வெகு நாளைக்குப் பிறகு எனக்கு முன்னால் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டார்.

பதினாறு நாள் போனது. கேட் திறக்கவில்லை. பீட்டர் போய்க் கேட்டார். கார்த்திகை போகட்டும் என்றார்கள். கார்த்திகை தீபத்தன்று அந்தச் சுவருக்கு மேலே மஞ்சளாக வெளிச்சம் தெரிந்தது. ஊரில் எல்லா மதிலிலும் விளக்கு வைத்திருந்தார்கள், அதில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் தெரிந்தது. அதற்கு மறுநாள் மணிச் சத்தம் கேட்டது.

அந்த வாரத்தில்தான் ஆர்.ஐ. வருகிறார் என்று தகவல் வந்தது. நான் ஷிப்டுக்குப் போகவில்லை. செண்பகக்காவும் போகவில்லை. பீட்டர், நாங்கள் இரண்டு பேர், இன்னும் காலனியில் இருந்து சிலர், எல்லோரும் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய் நின்றோம். எங்கள் வீட்டில் இருந்து கூப்பிடுகிற தூரத்தில் இருக்கிற இடத்துக்கு, ஊரைச் சுற்றி, சேறு அப்பிய காலோடு போய் நின்றோம்.

ஆர்.ஐ. பைக்கில் வந்தார். நல்ல மனுஷர் மாதிரிதான் தெரிந்தார். “ஆமைதான் செத்துடுச்சாமே, அப்புறம் இன்னா சார் பூட்டு, தொறந்து உட்டுடுங்க” என்று எங்கள் முன்னாலேயே அருணாச்சலத்திடம் சொன்னார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

“தாராளமா சார். நீங்களே உள்ள வந்து பாத்துட்டு சொல்லுங்க” என்று அருணாச்சலம் கேட்டை இரண்டு பக்கமும் அகலமாகத் திறந்துவிட்டார்.

பீட்டர் கட்டிய கல்லறை மஞ்சள் பூசி நின்றது. மேலே மூன்று இடத்தில் குங்குமம். ஒரு பட்டுத் துண்டு சுற்றி, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். கொம்பு நட்டு ஒரு வெண்கல மணி. மெழுகுவர்த்திக்கு விட்ட மாடத்தில் எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்னால் மதிலில் புதிதாக எழுதியிருந்தார்கள், ஸ்ரீ கூர்ம சுவாமி என்று.

வீட்டுக்குள் வரக் கூடாது என்று சுமலதா துரத்திய ஆமை. அவள்தான் ஈரத் தலையோடு தட்டில் கற்பூரம் வைத்துக்கொண்டு நின்றாள். பெருமாள் ஆமையாக வந்தது இவளுக்கு அது செத்த பிறகுதான் ஞாபகம் வந்திருக்கிறது.

ஆர்.ஐ. குனிந்து ஷூவைக் கழற்றினார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, போச்சு என்று.

கன்னத்தில் போட்டுக்கொண்டு, கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பினார். “கோயிலுன்னு மனுவுல போடவே இல்லியேம்மா நீங்க.”

“கோயிலு இல்ல சார். ஆமையப் பொதச்ச இடம் சார் அது” என்றேன்.

“ஊட்டுக்காரிக்குக் கனவுல வந்துச்சு சார்” என்றார் அருணாச்சலம். “ஜனங்க வந்து கும்புடறாங்க. நான் இன்னா பண்றது?”

ஆர்.ஐ. மாடத்தைக் குனிந்து பார்த்தார். “மாடம்லாம் வெச்சு லட்சணமா கட்டிக்கீறாங்களே. யாரு மேஸ்திரி?”

“நம்ம பீட்டருதான் சார். இதோ நிக்கிறாரே, காலனி ஆளு. கூலி கூட வாங்கல. பக்தியா கட்டிக் குடுத்தாரு. கேட்டுப் பாருங்க.”

“நீங்கதான் கட்டுனீங்களா?” என்று கேட்டார் ஆர்.ஐ.

பீட்டர் தலையை ஆட்டினார். “கல்லறை சார் அது. மெழுகுவத்தி வெக்கிறதுக்கு உட்ட மாடம் சார். எங்க ஆளுங்களுக்கு அப்டித்தான் கட்டுவோம்.”

“அவங்க பாஷையில சொல்றாரு சார்” என்றார் அருணாச்சலம் சிரித்துக்கொண்டே.

“சொவரும் நீங்களே கட்னீங்க, சாமி மேடையும் நீங்களே கட்னீங்க. இப்போ நீங்களே வந்து எடுன்றீங்க. நான் இன்னாங்க எழுதறது?” ஆர்.ஐ. கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். “மத்தது எதுன்னாலும் பேசலாம். சாமி விஷயத்துல கை வெச்சா நாளைக்கு ஊரே திரண்டு வரும். வேற பாதை கேட்டு ஒரு மனு குடுங்க. பாக்கலாம்.”

பூமிகா ஓடி வந்து பீட்டரின் கையைப் பிடித்தாள். “அங்கிள், ராக்கிகிட்ட ஒக்காந்து வெளையாடக் கூடாதாம். தொடவே கூடாதாம். அம்மா திட்றாங்க.” சுமலதா அவளைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எங்களைத் தொட்டதற்கா, சாமியைத் தொடப் பார்த்ததற்கா, எதற்குத் திட்டினாள் என்று தெரியவில்லை.

நான் செண்பகக்காவைத் திரும்பிப் பார்த்தேன். நீயாவது சொல்லு என்று சொல்லத்தான் திரும்பினேன். அவள் கேட்டுக்கு வெளியே நின்றபடி விளக்கைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பியிருந்தாள். பெயர்ந்த முழங்கையில் கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை.

ஏரிக்கரையில் திரும்பும்போது அவளிடம் கேட்டேன். “உன்னைச் சேத்துல தள்ளுன சாமிய நீயே கும்புடறியாக்கா?”

“இன்னா பண்ணச் சொல்ற மெர்சி. விளக்கு எரியுது, மணி அடிக்கிறாங்க. கை தானா போயிடுச்சு.” அவள் அழுதாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பொய் சொல்கிறவள் இல்லை அவள். சாமி என்று யாரோ சொல்லிவிட்டால் பயந்துவிடுகிற மனசு. அந்த மனசை நம்பித்தான் அருணாச்சலம் பொட்டு வைத்திருக்கிறார்.

மாதம் முடிந்தது. பார்த்திபன் போன் செய்தான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டான், அந்த மட்டுக்கு நல்லவன். நாளையில் இருந்து வர வேண்டாம், ஐடி கார்டை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்றான். சரி என்றேன். போனை வைத்துவிட்டு அடுப்பில் இருந்த பாலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பொங்கி வழிந்த பிறகுதான் இறக்கத் தோன்றியது.

பீட்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆர்.ஐ. வந்து போன நாளில் இருந்து அவர் வீட்டில் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார். வேலைக்கும் போகவில்லை. எழுந்து போய்ச் சாமான் மூட்டையை அவிழ்த்து, கடப்பாரையை எடுத்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவருக்கு அவ்வளவு கோபம் வரும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது.

நான் நிலைப்படியில் குறுக்கே நின்றேன்.

“தள்ளு மெர்சி. நான் கட்டுனத நான் இடிக்கிறேன். நீதான இடி இடின்னு சொன்ன.”

“அன்னிக்கி அது சொவரு. இன்னிக்கி கோயிலு.”

“கோயிலு இல்லடி. கல்லறை. எங்கையால கட்டுனேன், எனுக்குத் தெரியாதா?”

“உனுக்குத் தெரியும், எனுக்குத் தெரியும். வேற யாருக்குய்யா தெரியும்? பீட்டருன்னு பேர வெச்சுக்கினு நீ அதுல ஒரு கல்ல பேத்தீன்னா, சாமிய இடிச்சான்னு ஊரே வரும். உன்ன மட்டுமா பண்ணுவாங்க? இந்தத் தெருவையே கொளுத்துவாங்க.”

“அப்போ இன்னா பண்ணச் சொல்ற? நீயே சொல்லு.”

எதற்கெடுத்தாலும் பதில் வைத்திருப்பவள் நான். அவர் காலில் விழுந்துவிட்டேன். கெஞ்சினேன். வேண்டாம்யா, வேலை போனால் போகட்டும், நான் இங்கே பக்கத்தில் ஆரணியில் ஏதாவது கடையில் சேர்ந்துகொள்கிறேன், நீ எனக்கு வேணும் என்று அழுதேன். அவர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

நான் எழுந்து கடப்பாரையை எடுத்தேன். கனமாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் சுவர் ஓரம் வரைக்கும் தள்ளி, முன்னால் அரிசி மூட்டையை இழுத்து வைத்து மறைத்தேன். இத்தனை நாள் இடி, இடி என்று அவரைப் பார்த்துக் கத்திய நானேதான் மறைத்து வைத்தேன்.